‘எவ்வளவு குடிப்பீங்க?’ என்று கேட்பதற்கு முன்

மதுப் பழக்கம் பற்றிய ஆய்வுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, காலி குவார்ட்டர் பாட்டில் ஒன்றின் லேபிளைப் படிப்பது. 180 மில்லி, ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு, ஒரு மில்லி 0.789 கிராம். ஆக ஒரு குவார்ட்டரில் சுமார் 61 கிராம். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ (AUDIT) கேள்வித்தாள் 10 கிராமை ஒரு ‘டிரிங்க்’ என்று வைத்துக்கொள்கிறது. அப்படியென்றால் ஒரு குவார்ட்டர் என்பது ஆறு டிரிங்க். அதே கேள்வித்தாளின் மூன்றாவது கேள்வி, ஒரே தடவையில் ஆறோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது.

“நான்லாம் அளவாத்தான் குடிப்பேன், ஒரு குவார்ட்டரோட எழுந்துடுவேன்” என்று சொல்கிறவர் ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுகிறார். இருவர் சேர்ந்து ஒரு குவார்ட்டரைப் பங்குபோட்டு ‘கட்டிங்’ அடித்தால் ஆளுக்கு மூன்று டிரிங்க். ‘ஆஃப்’ (375 மில்லி) வாங்கித் தனியாகக் குடித்தால் பன்னிரண்டுக்கும் மேல். பீரை ஒரு பொருட்டாகவே நினைக்காதவர்கள் நிறைய உண்டு. 650 மில்லி பாட்டிலில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம், அதாவது நான்கு டிரிங்க். இந்தக் கணக்கு மனதில் இல்லாமல் களத்துக்குப் போகிறவர், “ரெண்டு கிளாஸ்ங்க” என்று குடிப்பவர் சொல்வதை இரண்டு என்றே எழுதிக்கொண்டு வருவார். அதன் பிறகு எவ்வளவு நல்ல மென்பொருளில் போட்டு அலசினாலும் அந்த இரண்டு இரண்டாகத்தான் இருக்கும்.

நான் சமூகப்பணி முதுகலை படித்தபோது ஆய்வுமுறை ஒரு தாள். மாதிரி எடுக்கும் வகைகள், கை-ஸ்கொயர், கருதுகோள் எல்லாம் படித்தோம். அவை எல்லாமே பிறகு உதவின, குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடியையும் போதையையும் ஆய்வு செய்யும் வேலையை நான் கற்றது விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில், ஒரு ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்த பிறகுதான். கற்றுக்கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் வழிகாட்டியான பேராசிரியை. மற்றவர் பல வருடங்களுக்கு முன் குடியை விட்டு, அப்புறம் எங்கள் குழுவில் சேர்ந்த ஒரு அண்ணா. கேள்வித்தாளை வகுத்தவர் மேடம். அதை எப்படி வாயால் கேட்பது என்று காட்டியவர் அண்ணா.

அண்ணா “குடிப்பீங்களா?” என்று ஒருநாளும் கேட்டதில்லை. “கடைசியா எப்பண்ணே சாப்பிட்டீங்க?” என்றுதான் ஆரம்பிப்பார். குடிக்காதவராக இருந்தால் “எனக்கு அந்தப் பழக்கமே இல்லப்பா” என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும், யாருக்கும் சங்கடமில்லை. குடிப்பவருக்கோ, ஒத்துக்கொள்ள வேண்டிய குற்றமாக அது வந்து நிற்பதில்லை. அளவு கேட்கும்போதும் மேலேயிருந்து இறங்குவார். “ஒரு ஆஃப் போகுமா?” என்பார். “அய்யோ, அவ்வளவெல்லாம் இல்லண்ணே, குவார்ட்டர்தான்” என்று அவர் நிம்மதியாகச் சொல்வார். கீழேயிருந்து “ஒரு கட்டிங் இருக்குமா?” என்று ஏறினால் பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுகொள்வார்கள். பிறகு ஆராய்ச்சிக் கட்டுரைகள் படித்தபோது இதே உத்தி பதிவாகியிருப்பதைப் பார்த்தேன். ஆனால் அது இயல்பாக வரும் தொனியைக் கட்டுரையில் கற்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் வரும். புதிதாக வருகிறவர்களை அனுபவமுள்ளவரோடு சில வாரம் சும்மா உட்கார வைப்பதை நான் பயிற்சியின் முக்கியமான பகுதியாகவே நினைக்கிறேன்.

அளவைச் சரிபார்க்க இன்னொரு வழி பணம். ஒரு தடவைக்கு எவ்வளவு செலவாகும், யார் கொடுப்பார், எந்த ஊர்ச் சரக்கு என்று பேச்சுவாக்கில் கேட்டால் அவர் சொன்ன அளவும் செலவும் பொருந்துகிறதா என்று தெரியும். பொருந்தாவிட்டால் மடக்கக் கூடாது. “அப்ப மீதியை யாரு போடுவாங்க?” என்று கேட்டால் அவரே விளக்கிவிடுவார். பல நேரம் கூட வேலை செய்பவர் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். காலி டம்ளர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கலப்பதற்கு முன் சரக்கு எதுவரை வரும் என்று தொட்டுக் காட்டச் சொல்வதும் நல்ல பலன் தரும்.

அடுத்து காலம். கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் குடித்தீர்கள் என்பது உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. அதைக் கார்த்திகையில் கேட்டுப் பாருங்கள். மாலை போட்டவர்கள் பூஜ்ஜியம் என்பார்கள். உண்மையைத்தான் சொல்கிறார்கள். வருஷத்தில் பத்து மாதமும் தினமும் குடிப்பவர், சபரிமலைக்கு விரதமிருக்கும் அந்த நாட்களில் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய அன்று சாயந்திரமே குடிக்குத் திரும்புவார். அந்த மாதத்தில் மட்டும் கணக்கெடுத்தால் ஊரே திருந்திவிட்டதாகத் தெரியும். தேர்தல் நேரத்தில் கணக்கெடுத்தால் நேர் எதிராக இருக்கும். ஆகவே களப்பணி தேதியைத் தீர்மானிக்கும்போது பக்கத்தில் தமிழ் நாட்காட்டி இருக்கட்டும். ஆடித் திருவிழா, பொங்கல், தீபாவளி, அறுவடைக்கூலி கிடைக்கும் காலம், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கடை மூடும் நாட்கள் எல்லாவற்றையும் குறித்துவிட்டு அப்புறம் தேதி போடுங்கள்.

இதே நாட்காட்டி நினைவை மீட்கவும் உதவுகிறது. லிண்டா சோபெல், மார்க் சோபெல் இருவரும் உருவாக்கிய ‘டைம்லைன் ஃபாலோபேக்’ முறையில், நாட்காட்டியை முன்னால் விரித்து வைத்து ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போய் எவ்வளவு குடித்தார் என்று நிரப்புவோம். வெறும் தேதிகளை நீட்டினால் எதுவும் வராது. “சனிக்கிழமை கூலி வாங்கினீங்களே, அன்னிக்கு?” என்றால் வரும். “மச்சான் வீட்டுக் காதுகுத்து எப்ப? அதுக்கு முந்தின நாள்?” என்றால் இன்னும் தெளிவாக வரும். ஒரு கொத்தனார், முதலில் “வாரத்துக்கு ஒரு நாள்தாம்மா” என்றவர், அவர் வேலை பார்த்த கட்டடங்களின் வரிசையில் மாதத்தைப் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். தளம் போட்ட அன்று வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது, மழையில் வேலை நின்ற நாட்கள் என்று எல்லாம் சேர்ந்தன. முடிவில் அவரே நாட்காட்டியைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்கு இல்லை. தன் பழக்கத்தைப் பற்றி மனிதர் மனதில் வைத்திருக்கும் சராசரி அப்படித்தான் இருக்கும்.

ஆடிட் பற்றி இன்னொன்று. அதை உருவாக்கிய ஆய்வு ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நடந்தது. இந்தியா அதில் இல்லை. கேள்விகள் பத்து, மதிப்பெண் 0 முதல் 40 வரை. 8 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும், 20 அல்லது அதற்கு மேல் போனால் சார்புநிலை, அதாவது குடி இல்லாமல் இருக்க முடியாத நிலை, இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இங்கே அது பெரிய அளவில் பயன்படுகிறது, பயன்படத்தான் வேண்டும். ஆனால் ஆறாவது கேள்வியைப் பாருங்கள். முந்தின நாள் நிறையக் குடித்த பிறகு காலையில் எழுந்ததும் நடமாடுவதற்கே ஒரு டிரிங்க் தேவைப்பட்டதா? தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. கைநடுக்கத்தோடு எழுகிறவர் இரவே கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார், அல்லது பிளாக்கில் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார். “காலையில குடிப்பீங்களா?” என்றால் “கடையே திறக்காதே” என்று பதில் வரும். “ராத்திரி மிச்சம் வைப்பீங்களா, எதுக்கு?” என்று கேட்டால்தான் கேள்வி போய்ச் சேரும். பொருளை மாற்றாமல் இப்படி விளக்கம் கேட்க அனுமதி உண்டா, என்ன வாசகத்தில் கேட்பது என்பதை முன்னோட்ட ஆய்விலேயே முடிவு செய்து எல்லாக் களப்பணியாளருக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் கேட்டு இன்னொருவர் கேட்காமல் விட்டால் இரண்டு கிராமங்களுக்கு இடையே தெரியும் வித்தியாசம் குடியின் வித்தியாசமா, கேட்டவரின் வித்தியாசமா என்று பிரிக்க முடியாது.

யார் காதில் விழும்படி கேட்கிறோம் என்பதும் பதிலை மாற்றும். வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்டால் உள்ளே மனைவியும் அம்மாவும் இருப்பார்கள், அளவு குறையும். நண்பர்கள் கூட்டத்தில் கேட்டால் ஏறும். குழு விவாதம் நடத்தினால், ஊரில் எது சகஜம், எது அசிங்கம் என்பது தெரியும். தனி மனிதர் எவ்வளவு குடிக்கிறார் என்பதற்கு அதை நம்பக்கூடாது. நாங்கள் காலை ஏழு மணி வாக்கில், வேலைக்குக் கிளம்பும் முன், வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு மரத்தடியிலோ பள்ளிக்கூடச் சுவர் ஓரத்திலோ உட்கார்ந்து பேசுவோம். நான் பெண் என்பதால் தயங்குவார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். “தங்கச்சி, உன்கிட்ட சொல்றதுக்கென்ன” என்று வயதானவர்கள் சுலபமாகவே பேசினார்கள். இளைஞர்கள்தான் அண்ணாவிடம் பேச விரும்பினார்கள். அதையும் தாளில் ஒரு கட்டமாகச் சேர்த்தோம், யார் கேட்டது என்று.

மனைவியிடம் தனியாகக் கேட்டு ஒப்பிடுவது நல்ல சரிபார்ப்பு என்று புத்தகங்கள் சொல்லும். செய்யலாம். ஆனால் அடி உதை இருக்கும் வீட்டில், “என்னப் பத்தி என்ன சொன்ன?” என்று சாயந்திரம் ஆரம்பித்துவிடும். குடும்ப வன்முறை ஆய்வுகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இதில் மிகத் தெளிவு: ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்பது, அதே வீட்டு ஆணிடம் வன்முறை பற்றிக் கேட்காமலிருப்பது. தரவு துல்லியமாவதற்காக ஒரு பெண் அடி வாங்கக் கூடாது. இந்த இடத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. வேண்டுமானால் அந்தத் தரவு இல்லாமல் இருக்கட்டும்.

சரி, யாரிடம் கேட்பது? புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மறுவாழ்வு மையத்துக்கோ மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ போய், அங்கிருப்பவர்களிடம் கேட்டு ஆய்வேட்டை முடிக்கிறார்கள். சிகிச்சை பற்றிய கேள்வி என்றால் அது சரியான இடம். “குடிப்பவர்கள் இப்படித்தான்” என்று சொல்வதற்கு அது சரியான இடமில்லை. இதைப் புரியவைக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது லீ ராபின்ஸ் செய்த ஆய்வை. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் பலர் ஹெராயின் பழகினார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை அவர் தேடிப் பிடித்துப் பேட்டி கண்டார், சிறுநீர் மாதிரியும் வாங்கினார். சுமார் ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாக இருந்ததாகச் சொன்னார். அப்படி இருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுக்குத்தான். சிகிச்சை மையங்களில் இருந்த ஹெராயின் பழக்கக்காரர்களை மட்டும் பார்த்தவர்கள், ஒருமுறை பிடித்தால் விடவே விடாது என்று நம்பியிருந்த காலம் அது. மையத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர்கள்தான் அவர்கள் கண்ணில் பட்டார்கள், தானாக விட்டவர்கள் படவில்லை.

குடிக்காதவர் யார் என்பதிலும் இதே சிக்கல். கொஞ்சமாகக் குடிப்பவர்கள், குடிக்கவே குடிக்காதவர்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டின. நம் ஊரிலும் வாட்ஸ்அப்பில் இன்னும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. 1988இல் ஷேப்பரும் அவர் குழுவினரும் பிரிட்டனின் 24 ஊர்களைச் சேர்ந்த 7,735 நடுவயது ஆண்களின் தரவை வைத்து ஒரு கேள்வி எழுப்பினார்கள். இப்போது குடிக்காதவர்கள் என்று எழுதப்பட்டவர்களில், உடம்பு கெட்டுப்போய் நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? மஞ்சள் காமாலை வந்து டாக்டர் எச்சரித்த பிறகு விட்டவரையும், வாழ்நாளில் தொடாதவரையும் ஒரே கட்டத்தில் போட்டால், குடிக்காதவர் கூட்டம் நோயாளிக் கூட்டமாகத் தெரியத்தானே செய்யும்? அதனால் என் கேள்வித்தாளில் மூன்று கட்டம் கட்டாயம்: எப்போதுமே குடிக்காதவர், முன்பு குடித்து விட்டவர், இப்போது குடிப்பவர். விட்டவர் என்றால் எப்போது விட்டார், ஏன் விட்டார் என்று கூட இரண்டு வரி. ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

கணக்கெடுப்பில் மக்கள் சொன்னதைக் கூட்டி, விற்பனைக் கணக்கோடு ஒப்பிட்டால் பல நாடுகளில் 40 முதல் 60 சதவீதம்தான் தேறுகிறது. மீதியைக் குடித்தவர்கள் ஒன்று குறைத்துச் சொன்னார்கள், அல்லது நம் கையில் அகப்படவில்லை. அதற்காக விற்பனைக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் முடியாது. விழுப்புரம், கடலூர் பக்கம் புதுச்சேரிச் சரக்கு ஓடுகிறது, அது டாஸ்மாக் கணக்கில் வராது. கள்ளச்சாராயம் எந்தக் கணக்கிலும் வராது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படி ஒரு பழக்கம் அங்கே இருந்ததைச் சாவுதான் வெளியே கொண்டுவந்தது. எங்கள் பகுதியில் கேள்வித்தாளில் டாஸ்மாக், புதுச்சேரி, சாராயம், கள் என்று தனித்தனியாகக் கேட்கிறோம். மொத்தமாக ‘மது’ என்று கேட்டால் சாராயம் குடிப்பவர் ‘இல்லை’ என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

கஞ்சா, போதை ஊசி, வலி நிவாரணி மாத்திரைகள் என்று வந்துவிட்டால் வேறு முறை வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவற்றைப் பற்றிப் பேர் எழுதிய தாளில் பதில் வாங்கி வைத்திருந்தால், அந்தத் தாளே ஒரு ஆளைச் சிக்கலில் மாட்டும். பேரும் குறியீட்டு எண்ணும் ஒரு நோட்டில், பதில்கள் வேறு இடத்தில், இரண்டும் ஒரே பையில் பயணிக்கக் கூடாது. முடிந்தால் பேரே வேண்டாம்.

கல்லூரி மாணவர்களிடம் எனக்குப் பிடித்தது நாணய முறை. 1965இல் வார்னர் முன்வைத்த யோசனையிலிருந்து கிளைத்தது. கேள்வி ‘கஞ்சா பயன்படுத்தியதுண்டா?’ என்று வைத்துக்கொள்வோம். மாணவர் யாருக்கும் காட்டாமல் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழுந்தால், என்னவாக இருந்தாலும் ‘ஆம்’ என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். உதாரணத்துக்கு 200 பேரில் 116 பேர் ‘ஆம்’ என்று எழுதினால், சுமார் நூறு பேர் தலை விழுந்ததால் எழுதியவர்கள். மிச்ச நூறில் சுமார் 16 பேர் உண்மையாகவே பயன்படுத்தியவர்கள். எந்த 16 பேர் என்று எனக்கும் தெரியாது, கல்லூரி முதல்வருக்கும் தெரியாது. வகுப்பில் இதை விளக்கியதும் மாணவர்கள் முகம் தளர்வதைப் பார்க்கலாம். பாதிப் பேரின் பதில் வெறும் நாணயம் என்பதால் மாதிரி அளவைப் பெரிதாக்க வேண்டும், அது மட்டும்தான் செலவு.

ஊசி போடுபவர்கள் போன்ற மறைந்திருக்கும் கூட்டத்துக்கு வீடு வீடாகப் போவதில் பயனில்லை. 1997இல் ஹெக்கத்தார்ன் விவரித்த முறை இருக்கிறது. முதலில் சிலரைப் பிடித்து, ஆளுக்கு இரண்டு மூன்று கூப்பன் கொடுத்து, தெரிந்தவர்களை அவர்களே அனுப்பச் சொல்வது. ஒவ்வொருவருக்கும் அப்படி எத்தனை பேரைத் தெரியும் என்று கேட்டு, அதை வைத்து அவர் பதிலுக்குக் கணக்கில் எவ்வளவு எடை என்று தீர்மானிப்பது. 2019இல் வெளியான இந்திய அரசின் தேசியக் கணக்கெடுப்பிலும் வீட்டுக் கணக்கெடுப்போடு இந்த முறை சேர்ந்தே இருந்தது. அதன்படி 10 முதல் 75 வயதுவரை உள்ளவர்களில் மது அருந்துபவர்கள் 14.6 சதவீதம், ஆண்களில் மட்டும் 27.3. நாட்டளவில் வரும் இப்படிப்பட்ட எண்ணைப் படிக்கும்போதெல்லாம் அதன் கேள்வித்தாளையும் தேடிப் படியுங்கள். முறையைக் கற்க அதைவிட நல்ல பாடநூல் இல்லை. அதேபோல் கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆலோசனைச் சிகிச்சை பற்றிய சோதனையையும் படிக்கச் சொல்வேன். ஆடிட்டில் 12 முதல் 19 வரை எடுத்த ஆண்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து, மருத்துவர் அல்லாத ஆலோசகர்களைக் கொண்டே செய்தார்கள். மூன்று மாதத்தில் 8க்குக் கீழே வந்தவர்கள், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், பெறாதவர்களில் 26 சதவீதம். நம் நாட்டுச் சூழலில், நம்மைப் போன்ற களப்பணியாளர்களை வைத்து ஒழுங்கான சோதனை நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

கடைசியாக, ஒப்புதலும் பாதுகாப்பும். வாடை அடித்தால், பேச்சு குழறினால் பேட்டி இல்லை. “நாளைக்குக் காலையில வரேண்ணே” என்று எழுந்துவிட வேண்டும். அவர் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாலும் அது ஒப்புதல் ஆகாது. படிக்கத் தெரியாதவர் என்றால், எங்கள் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருக்கும்போது ஒப்புதல் தாளைப் படித்துக் காட்ட வேண்டும்.

தினமும் நிறையக் குடிப்பவர் பேட்டி முடிவில் மனம் நெகிழ்ந்து, “நாளையிலேருந்து தொடமாட்டேம்மா” என்பார். களப்பணியாளர் மகிழ்ந்து, “ரொம்ப நல்லதுண்ணே, விட்டுடுங்க” என்று சொல்லிவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாதது தெரியத் தொடங்கலாம். உயிருக்கே ஆபத்து. “விடறது நல்ல முடிவு, ஆனா டாக்டரைப் பார்த்து, மருந்தோட விடுங்க” என்பதுதான் சொல்ல வேண்டிய வாக்கியம். இதை எங்கள் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கேள்வித்தாளின் கடைசித் தாளில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு நாட்கள், 14446 என்ற கட்டணமில்லா உதவி எண் இரண்டும் இருக்கும். மதிப்பெண் எதுவானாலும் எல்லோருக்கும் அந்தத் தாள் உண்டு. சிலருக்கு மட்டும் கொடுத்தால் ஊருக்கு விஷயம் தெரிந்துவிடும். 20 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, அண்ணா அந்த வாரமே போன் செய்து போனாரா என்று கேட்பார். போகவில்லை என்றால் கூடவே பஸ் ஏறுவார். அந்தப் போன் செலவு, பஸ் கட்டணம், அதற்காகும் நேரம் எல்லாம் பட்ஜெட்டில் தனி வரியாக இருக்கட்டும். நெறிமுறைக் குழுவிடம் திட்டம் போகும்போதே எழுதிவிட்டால், நடுவில் பணம் தீர்ந்துவிட்டது என்று யாரையும் பாதியில் விட வேண்டியிருக்காது.